டி-யா ஈ-யா: வீடு வாங்கும்போது இ.பி.சி. எழுத்தை எவ்வளவு நம்பலாம்?

ரெய்னர்ஸ்லேன்வாசி:
லண்டனில் ஹாரோ பக்கம் 1930களில் கட்டிய இரண்டு செமி (பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பகிரும்) வீடுகள் கைவசம் இருக்கின்றன. ஒன்றின் இ.பி.சி. (வீட்டின் எரிசக்தித் திறன் சான்றிதழ்; ஏ நல்லது, ஜி மோசம்) டி (64), 2017இல் எடுத்தது. மற்றது ஈ (52), போன மாதம் எடுத்தது. ஈ வீட்டின் விலை 15,000 பவுண்டு குறைவு. ஏஜென்ட் "அது சும்மா ஒரு பேப்பர்" என்கிறார். இதை வைத்து விலை பேசலாமா? பின்னால் விற்கும்போது இதற்கு மதிப்பு உண்டா?

அளவுகோல்:
எழுத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் அட்டவணையைப் படியுங்கள். சுவர், கூரை, ஜன்னல், தரை, ஹீட்டிங் என்று தனித்தனி வரி இருக்கும். "அஸ்யூம்ட்" என்று போட்டிருந்தால், வந்த மதிப்பீட்டாளர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. வீடு கட்டிய காலத்தை வைத்து மென்பொருள் போட்ட ஊகம். அவர் சுவரைத் துளைக்க மாட்டார். லாஃப்டில் (கூரைக்கு அடியில் இருக்கும் பரண்) ஏற முடியாதபடி சாமான் அடைந்திருந்தால் அங்கேயும் ஊகம்தான். உள்ளே 270 மி.மீ. இன்சுலேஷன் கம்பளி (வெப்பம் வெளியேறாமல் தடுப்பது) விரித்திருந்தாலும் மதிப்பெண்ணில் ஏறாமல் போகலாம்.

இன்னொன்று, உங்கள் 64-உம் 52-உம் ஒரே கணக்கில் வந்தவை அல்ல. 2025 ஜூனில் ஆர்டிசாப் 10 (இ.பி.சி. கணக்கிடும் முறையின் புதிய பதிப்பு) வந்து முறை மாறிவிட்டது, இப்போது ஜன்னல்களை அளந்து பதிகிறார்கள். இரண்டையும் நேராகக் கழித்துப் பார்க்காதீர்கள்.

மதிப்பெண் அடிப்படையில் ஒரு செலவுக் கணக்கு: ஹீட்டிங், வெந்நீர், விளக்குக்குச் சதுர மீட்டருக்கு என்ன ஆகும் என்பது. 39–54 ஈ, 55–68 டி, 69–80 சி. சமையலும் டிவியும் இதில் சேராது. மின்சாரம் யூனிட்டுக்கு காஸை விடப் பல மடங்கு விலை என்பதால், நன்றாக இன்சுலேஷன் செய்த ஃபிளாட் கூட எலெக்ட்ரிக் ஹீட்டர் இருந்தால் கீழே இறங்கிவிடும். அதனால் இந்த எழுத்து உங்கள் பில்லை முன்கூட்டியே சொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கூரைமேல்:
உந்த ஏஜென்டின்ரை கதையை விடுங்கோ. வீடு பார்க்கப் போகேக்க ஒரு டேப் கொண்டு போங்கோ. செங்கல் எல்லாம் நீட்டுப்பாட்டுக்கு இருந்தால் அநேகமா காவிட்டி சுவர் (நடுவிலை இடைவெளி விட்ட இரட்டைச் சுவர்). இடையிடையே குட்டைத் தலை தெரிஞ்சால் சாலிட் (இடைவெளி இல்லாத சுவர்). பெபிள்டாஷ் (சிறுகல் பதிச்ச பூச்சு) பூசியிருந்தால் செங்கல் தெரியாது, வாசல் கதவடியிலை சுவர்த் தடிப்பை அளவுங்கோ. 260 மி.மீ.க்கு மேலை எண்டால் காவிட்டியா இருக்கலாம், ஆனால் பூச்சுத் தடிப்பையும் கழிச்சுப் பாருங்கோ. சாந்து வரிசையிலை ஒரே இடைவெளியிலை அடைச்ச ஓட்டையள் தெரிஞ்சால் உள்ளுக்கு நிரப்பியிருக்கினம். சீகா (காவிட்டி நிரப்பின வேலைக்குக் கரன்டி தாற அமைப்பு) கரன்டி இருக்கோ எண்டு கேளுங்கோ, அது 25 வருசத்துக்கு.

லொஃப்டிலை ஸ்பிரே ஃபோம் அடிச்சிருந்தால் கவனம்! இ.பி.சி.யிலை அது நல்லாத்தான் தெரியும். ஆனால் மரம் உக்கியிருக்கோ எண்டு சர்வேயர் பார்க்க ஏலாது, கன இடங்களிலை மோர்கேஜ் தரமாட்டினம்.

அரசாங்க இணையத்தளத்திலை போஸ்ட்கோட் அடிச்சால் பக்கத்து வீட்டுச் சான்றிதழும் காசில்லாமல் பார்க்கலாம். அதே கட்டுமானத்திலை ஒரு வீடு சி எடுத்திருந்தால் அவை என்ன செய்தவை எண்டு அதிலேயே கிடக்கும்.

ரெய்னர்ஸ்லேன்வாசி:
ஈ வீட்டில் "சாலிட் பிரிக், நோ இன்சுலேஷன், அஸ்யூம்ட்" என்றுதான் இருக்கிறது. லாஃப்ட் 100 மி.மீ.

அளவுகோல்:
அப்படியானால் இரண்டையும் பிரித்துப் பேசுங்கள். 100-ஐ 270 ஆக்குவது சில நூறு பவுண்டு வேலை; அதைக் காட்டி விலை குறைக்கச் சொன்னால் சிரிப்பார்கள். சாலிட் சுவருக்கு வெளியே போர்டு ஒட்டிப் பூசுவது பத்தாயிரத்தைத் தாண்டும். உள்ளே ஒட்டினால் அறை சுருங்கும், ஸ்விட்ச், ஸ்கர்ட்டிங், ரேடியேட்டர் எல்லாம் கழற்றி மாட்ட வேண்டும். பேரத்துக்கு உதவுவது இந்தச் சுவர்தான். டி வீட்டுச் சுவரும் சாலிட் என்றால் அந்த வாதமும் போச்சு, முதலில் அதைப் பாருங்கள்.

கம்பளி விரிக்கும்போது கூரை ஓரத்தில் காற்று போக 50 மி.மீ. வழி விடாவிட்டால் குளிர்காலத்தில் மரத்தில் ஈரம் கோக்கும். எலெக்ட்ரிக் ஷவர் வயரைக் கம்பளிக்கு அடியில் புதைக்கக் கூடாது, சூடேறும்.

விற்பனைமேசை:
விற்பவர் பக்கம்: விளம்பரம் போடுமுன்பே இ.பி.சி. ஆர்டர் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 200 பவுண்டு அபராதம். ஒருமுறை எடுத்தால் 10 வருடம் செல்லும். ஆள் வருவதற்கு முன் லாஃப்ட் வாயைக் காலி செய்து, எல்லா பல்பையும் எல்.ஈ.டி. ஆக்கி, வெந்நீர் சிலிண்டருக்கு 80 மி.மீ. ஜாக்கெட் மாட்டி, ஃபென்சா (ஜன்னல் மாற்றியதற்கான சான்றிதழ்), சீகா, பாய்லர் காகிதங்களை மேசையில் வையுங்கள். காகிதம் இல்லாத வேலைக்கு மதிப்பெண் கிடைப்பது கஷ்டம். மதிப்பெண்ணுக்காக மட்டும் ஜன்னல் மாற்றாதீர்கள். ஆயிரக்கணக்கில் போகும், ஏறுவது சில புள்ளிதான்.

சான்றிதழில் இருக்கும் சதுர மீட்டரை ஃபுளோர் பிளானோடு ஒப்பிடுங்கள். எக்ஸ்டென்ஷனை விட்டுவிட்டு எடுத்தவை உண்டு. அப்படியிருந்தால் மதிப்பீட்டாளரிடமே முதலில் கேளுங்கள். அவர் திருத்தாவிட்டால் சான்றிதழில் பெயர் போட்டிருக்கும் அங்கீகார அமைப்புக்கு எழுதலாம்.

குடியிருக்க வாங்குபவர் டி-க்கும் ஈ-க்கும் இடையே விலை குறைத்துப் பெரிதாகப் பார்த்ததில்லை. எஃப், ஜி என்றால் கதை வேறு. 2020 ஏப்ரலிலிருந்து, பதிவு செய்த விலக்கு இல்லாமல் அதை வாடகைக்கு விட முடியாது, வாடகைக்காக வாங்குபவர் அங்கே கட்டாயம் பேரம் பேசுவார். உங்கள் 52, ஈ-யின் கீழ்க்கோட்டுக்கு 13 மேலே இருக்கிறது, அந்தப் பயம் இப்போதைக்கு இல்லை. வாடகை வீடுகளுக்குச் சி வரை கேட்கப்போவதாக அரசு சொல்லிவருகிறது, பின்னால் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அந்தச் சுவர்ச் செலவை இப்போதே விலையில் பேசிவிடுங்கள்.