பஸ் டோக்கனில் "பஜார் தெரு" விழுந்த கதை

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. மாதாமாதம் தொழிலாளர் பட்டியல் சிஎஸ்வி ஃபைலாக (கட்டங்களைக் கமாவால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) வரும், நான் எழுதிய பாஷ் ஸ்கிரிப்ட் (டெர்மினலில் ஓடும் கட்டளைத் தொகுப்பு) அதை வரி வரியாகப் படித்து ஆளுக்கொரு பஸ் டோக்கன் அடிக்கும். கமா வந்தால் வெட்டு, மூன்றாவது முகவரி, நான்காவது பஸ் ரூட், அவ்வளவுதான் என் ஞானம். முகவரியில் வெறும் ஊர்ப்பெயர் இருந்தவரை இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் புதிதாகச் சேர்ந்த பையன் பொறுப்பாக முழு முகவரியையும் நிரப்பிவிட்டான்: "12/4, பஜார் தெரு, மேல்விஷாரம்". மேற்கோள் குறிக்குள் இருக்கும் கமாவை வெட்டக்கூடாது என்பது பாஷுக்கு எங்கே தெரியும்? மறுநாள் காலை ஷிஃப்டுக்கு வந்த ஓர் அக்கா டோக்கனை நீட்டி, "தம்பி, பஜார் தெருன்னு போட்டிருக்கே, அது எந்த பஸ்ஸு?" என்கிறார். பின்னால் நீண்ட வரிசை.

அன்று இரவே மில்லர் என்ற சிஎஸ்வி படிக்கும் டூலைப் போட்டேன். டெர்மினலில் எம்எல்ஆர் என்று மூன்றே எழுத்து. சிஎஸ்வியை மேற்கோள் குறியோடு சரியாகப் படிக்கும், எத்தனையாவது கட்டம் என்று எண்ணாமல் தலைப்பின் பெயரைச் சொல்லியே கேட்கலாம். கட்டங்களை கமாவுக்குப் பதில் டேப் வைத்துப் பிரித்துத் தரச் சொல்லி, அதை பாஷில் வரி படிக்கும் ரீட் கட்டளைக்கு ஊட்டினேன்.

தீர்ந்தது என்று நினைத்தால், போன் நம்பர் இல்லாத ஆட்களுக்கெல்லாம் ரூட் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்து நின்றது. டேப்பை பாஷ் இடைவெளி போலத்தான் நடத்தும், அடுத்தடுத்து இரண்டு வந்தால் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், நடுவில் இருந்த காலிக் கட்டம் காணாமல் போகும். இதைக் கண்டுபிடிக்க முழு ஞாயிற்றுக்கிழமை போனது, பிரியாணியும் ஆறிப்போனது. டேப்புக்குப் பதில் நேர்கோட்டுக் குறி (|) வைத்ததும் சரியானது.

இதைப் படித்துவிட்டு காட்பாடியிலிருந்து ஒருவர்: எனக்கு வேறு மாதிரி அண்ணா. எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறி. தமிழும் தாங்கும் யூடிஎஃப்-8 என்ற எழுத்து முறையில் (என்கோடிங்) சேமித்தால் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒட்டிக்கொள்ளும், நான் ஸ்கிரிப்ட் எழுதும் பைத்தான் மொழி "பெயர்" என்ற தலைப்பே இல்லை என்று அடம்பிடிக்கும், திரையில் பார்த்தால் முதல் கட்டத்திலேயே இருக்கும்! பைத்தானில் ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர்: டூல் எல்லாம் சரி, பட்டியலில் இருக்கும் சரக்கு சரியாக இருக்க வேண்டுமே. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள் அல்லவா? எங்கள் பட்டியலில் ஆம்பூர்க்காரர்களில் பாதிப் பேர் இன்னும் வேலூர், மீதி திருப்பத்தூர். ஒரு பெரியவர் மட்டும் அதற்கும் முந்தைய பழைய பெயரான வட ஆற்காடு. அவரை மாற்ற மனசு வரவில்லை, ஸ்கிரிப்டில் அவருக்கென்று தனியாக ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்.