உதவி: பேங்க், லாரி ரசீது, மெயில் மூன்றிலும் ‘ரிவர்ஸ்’ வருகிறது. ஒரே அர்த்தமா?

மண்டபம்_கணக்கு:
வணக்கம். மண்டபத்தில் நண்டு வாங்கி அனுப்பும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படித்தது தமிழ் மீடியம்.

ஐஸ் கம்பெனிக்கு யுபிஐயில் 18,500 ரூபாய் போட்டோம். எங்கள் கணக்கில் பிடித்துவிட்டார்கள், அங்கே போய்ச் சேரவில்லை. மறுநாள் ஸ்டேட்மென்டில் அதே தொகை ‘ரிவர்சல்’ என்று வரவில் நிற்கிறது. மதுரையிலிருந்து தெர்மகோல் பெட்டி ஏற்றிவந்த லாரி சர்வீஸ் பில்லில் ‘ரிவர்ஸ் சார்ஜ்’ என்று சீல். வாடகையில் ஏதோ திரும்பி வரும் என்கிறார் முதலாளி. கொச்சி பார்ட்டி மெயிலில் ‘ரிவர்ட்’ பண்ணச் சொல்கிறார். சரக்கு திரும்புகிறதா? யாராவது சொல்லுங்கள்.

கீழக்கரை_ஆடிட்:
தங்கச்சி, ரிவர்ஸ் என்றால் போன திசைக்கு எதிர்த்திசை. எது திரும்புகிறது என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும்.

பேங்கில் திரும்பியது பணம். பற்று வரியிலும் வரவு வரியிலும் பரிவர்த்தனை எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த 18,500 போகவே இல்லை என்று அர்த்தம். ஐஸ் பாக்கி அப்படியே நிற்கிறது, மறுபடி அனுப்ப வேண்டும். ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போட்டு நின்றுபோன யுபிஐ பணம் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் பேங்க் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. கடைக்கான யுபிஐ என்றால் 5 நாள்.

லாரி விஷயம் வேறு. அங்கே பணம் திரும்பவில்லை, வரி கட்டுகிற ஆள் மாறுகிறார். வழக்கமாக விற்பவர் ஜிஎஸ்டி வசூலித்துக் கட்டுவார். இதில் வாடகை கொடுக்கிற நீங்களே கட்ட வேண்டும். 12,000 வாடகை என்றால் 5 சதவீதம், 600 ரூபாய். கையில் இருக்கும் இன்புட் கிரெடிட்டை, அதாவது பொருள் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்கான கழிவை, இதில் கழித்துக் கட்ட முடியாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு தகுதி இருந்தால் அதையே கிரெடிட்டாக எடுக்கலாம். லாரி சர்வீஸே ஜிஎஸ்டி போட்டுப் பில் கொடுத்திருந்தால் இந்த வேலை இல்லை. முதலாளியிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். விட்டுப்போனால் பிறகு வட்டியோடு கட்ட நேரும்.

தொண்டி_ஏற்றுமதி:
‘ரிவர்ட்’ வேறு சொல். பழைய நிலைக்குத் திரும்புவது. ஆனால் நம் நாட்டு ஆபீஸ் மெயிலில் ‘பதில் போடுங்கள்’ என்பதற்கு அப்படித்தான் எழுதுகிறார்கள். சரக்கைத் திருப்புகிறவர் ‘ரிட்டர்ன்’ என்றோ ‘ரிஜெக்ட்’ என்றோ எழுதுவார். அவர் ரேட் கேட்டிருப்பார், மெயிலை மேலிருந்து படித்துப் பதில் போடுங்கள்.

சாயல்குடி_பிளம்பர்:
இடையில் ஒரு சந்தேகம். ஆர்ஓ தண்ணீரில் வரும் ‘ஆர்’ என்ற எழுத்தும் இந்த ரிவர்ஸ்தானா?

கீழக்கரை_ஆடிட்:
அதேதான் தம்பி. ஆர்ஓ என்றால் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ். சவ்வுக்கு ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் உப்புத் தண்ணீர் வைத்தால், நல்ல தண்ணீர் தானாக உப்புப் பக்கம் போகும். உப்புப் பக்கம் அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை எதிர்ப்பக்கம் தள்ளுகிறார்கள். கடல் நீர் என்றால் அழுத்தம் சுமார் 27 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவைத் தாண்டினால்தான் திசை மாறும். ஆலைகளில் 55, 60 பாருக்கு மேலேயே ஓட்டுவார்கள். உங்கள் பக்கத்து நரிப்பையூரில் கடல் நீரைக் குடிநீராக்கக் கட்டிய ஆலையும் இந்த முறைதான்.

மண்டபம்_கணக்கு:
ரொம்ப நன்றி காக்கா. பரிவர்த்தனை எண் ஒன்றுதான், பார்த்துவிட்டேன். லாரி பில்லில் அவர்கள் ஜிஎஸ்டி போடவில்லை, அதனால் நாங்கள்தான் கட்ட வேண்டும். ஒன்று மட்டும்: ஐஸ் கம்பெனிக்குக் கொடுத்ததாக எழுதிய என்ட்ரியை அழித்துவிடலாமா?

கீழக்கரை_ஆடிட்:
அழிக்காதீர்கள். ஸ்டேட்மென்டில் இரண்டு வரி இருக்கும்போது உங்கள் புத்தகத்திலும் இரண்டு வரி இருக்க வேண்டும். பணம் திரும்பிய தேதியில் பேங்க் பற்று, ஐஸ் கம்பெனி வரவு என்று எதிர்ப்பதிவு போடுங்கள். குறிப்பில் அந்தப் பரிவர்த்தனை எண்ணையும் எழுதுங்கள். மறுபடி அனுப்பும்போது அது மூன்றாவது என்ட்ரி.