ஆங்கிலத் திறன் சோதனை: பேச்சுக்கு மதிப்பெண் போடும்போது கை தாராளமாகிவிடுகிறது, என்ன செய்வது?

புதுவரவு:
வணக்கம். அமெரிக்காவில் ஒரு அரசுப் பள்ளியில் இந்த ஆண்டுதான் ஈஎஸ்எல் ஆசிரியையாக, அதாவது வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவராக, சேர்ந்தேன். புதுப் பிள்ளைக்கு ஆங்கில உதவி வகுப்பு தேவையா என்று பார்க்க எங்கள் மாநிலத்தில் வைக்கும் சோதனை வைடா ஸ்க்ரீனர்தான். வீட்டு மொழிப் படிவத்தில் வேறு மொழி எழுதியிருக்கும் புதுப் பிள்ளைகளுக்கு நான்தான் சோதனை வைக்கிறேன். கேட்டலையும் வாசிப்பையும் கணினியே திருத்திவிடும், பேச்சும் எழுத்தும் என் கையில்.

போன வாரம் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான், வீட்டில் தமிழ் பேசுகிறவன். பாதி வாக்கியத்தில் நின்று தவித்தான், ஆனால் அவன் என்ன சொல்ல வருகிறான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால் ஒரு படி கூடுதலாகப் போட்டுவிட்டேன். அது சரியா என்று அன்றிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது. முடிவை இன்னும் பதிவில் உறுதிசெய்யவில்லை.

இன்னொன்று. காகிதத்தில் எழுதிய சோதனைப் புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் சக ஆசிரியை ஒருவர் புரட்டிக்கொண்டிருக்கிறார், "பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளட்டுமா" என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தோடு விட்டுவிடலாமா?

கரும்பலகை:
பன்னிரண்டு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். நீங்கள் செய்தது எல்லோரும் செய்வது, ஆனால் அந்தப் பையனுக்கு அது உதவி இல்லை. கூடுதல் மதிப்பெண்ணால் அவன் வரம்பைத் தாண்டிவிட்டால் மொழி உதவி வகுப்பு கிடைக்காது, வகுப்பில் அறிவியல் பாடம் புரியாமல் உட்கார்ந்திருப்பான், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் காகிதத்தில் அவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். குறைத்துப் போட்டாலும் கேடுதான், தேவையில்லாத வகுப்பில் போய் உட்காருவான்.

தமிழ் தெரிந்த நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பிள்ளை விட்ட இடத்தை நம் காது தானாகவே நிரப்பிவிடும். வாயிலிருந்து வந்த வார்த்தைகளை மட்டும் அளவுகோலோடு வைத்துப் பாருங்கள். உச்சரிப்பு நம் ஊர்ச் சாயலில் இருந்தால் அதற்காகக் குறைக்கவும் வேண்டாம், பொருள் தெளிவாக வந்தால் போதும். அந்தப் பையனின் பேச்சு ஒலிப்பதிவை, உங்கள் மதிப்பெண்ணைச் சொல்லாமல், பயிற்சி முடித்த இன்னொருவரிடம் கொடுத்துத் தனியாகப் போடச் சொல்லுங்கள். வேறுபட்டால் இருவரும் பயிற்சியில் கொடுத்த மாதிரி விடைகளை மறுபடி எடுத்துப் பாருங்கள். நான் வருடா வருடம் ஆகஸ்டில் முதல் பிள்ளைக்கு முன்னால் அவற்றை ஒரு முறை பார்த்துவிடுவேன், இல்லாவிட்டால் போன வருடப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போட ஆரம்பித்துவிடுகிறேன்.

எழுத்தில் இன்னும் கவனம் வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் வாசிப்பும் எழுத்தும் தலா 35 சதவீதம், கேட்டலும் பேச்சும் தலா 15 தான். எழுத்தில் காட்டும் தாராளம் இரண்டு மடங்குக்கும் மேல் போய் விழும்.

சாவிக்கொத்து:
காகிதக் கதைக்கு வருகிறேன். அத்தோடு விடாதீர்கள், பள்ளியின் சோதனை ஒருங்கிணைப்பாளரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். யாரையும் மாட்டிவிடுவதற்காக இல்லை. உதவி வகுப்புப் பிள்ளைகள் எழுதும் வருடாந்தரத் தேர்வு சில வாரங்களில் முடிந்துவிடும், ஸ்க்ரீனர் அப்படி இல்லை. வருடம் முழுக்கப் புதுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள், அதே கேள்விகள்தான். ஒரு பக்கம் பயிற்சித் தாளாக வெளியே போய்விட்டால், அதன் பிறகு வரும் மதிப்பெண் எந்தப் பிள்ளையின் ஆங்கிலத்தையும் சொல்லாது.

எங்கள் பள்ளியில் புத்தகங்களைப் பூட்டிய அலமாரியில்தான் வைக்கிறோம். எடுக்கும்போது எண்ணி, நேரம் எழுதிக் கையெழுத்து, வைக்கும்போது மறுபடி எண்ணிக் கையெழுத்து. பிள்ளை கிறுக்கிய தாளும் நம்மிடம் வந்துவிட வேண்டும். பலர் மறந்துவிடுவது, கணினியில் நுழையக் கொடுக்கும் சீட்டு. அதில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும், அதுவும் பூட்டில் இருக்க வேண்டிய பொருள்தான். சாப்பாட்டு மணி அடித்தால் முதலில் பூட்டு, அப்புறம் சாப்பாடு.

இரண்டுபிள்ளைஅம்மா:
நான் ஆசிரியை இல்லை. "ஆங்கில உதவி தேவைப்படுகிறவர்கள் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் பிள்ளையை மட்டமாகப் பார்ப்பார்கள், சோதனையே வேண்டாம் என்று எழுதிக் கொடு" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அப்படி எழுதிக் கொடுக்க முடியுமா?

கரும்பலகை:
முடியாது அம்மா. 2015இல் வந்த கூட்டரசின் கல்விச் சட்டப்படி, பள்ளியில் சேர்ந்த 30 நாளுக்குள் சோதித்துப் பார்த்தாக வேண்டும். உதவி வகுப்பை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் தேறும்வரை வருடாந்தரத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். கலிபோர்னியாவில் தேர்வின் பெயர் வேறு, அங்கும் 30 நாள்தான். இது பிள்ளையின் உரிமையாக வந்த விஷயம். சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளைக் கூடுதல் உதவி இல்லாமல் வகுப்பில் உட்கார வைத்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள், 1974இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்புச் சொன்னது. படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், முடிவு வந்ததும் நான்கு பகுதிகளின் மதிப்பெண்ணையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

புதுவரவு:
எல்லோருக்கும் நன்றி. ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டேன், திட்டவில்லை, என் அறைக்கே பூட்டுள்ள அலமாரி ஒன்றை அனுப்புவதாகச் சொன்னார். பையனின் ஒலிப்பதிவை இன்னொரு ஆசிரியை கேட்டார், என்னைவிட ஒரு படி குறைவாகப் போட்டார். மாதிரி விடைகளோடு இருவரும் உட்கார்ந்து கேட்டோம், அவர் போட்டதுதான் சரி. திங்கட்கிழமையிலிருந்து உதவி வகுப்புக்கு வருகிறான்.