டிவி பதிவை வகுப்பில் போட்டால் காப்பிரைட் வருமா? அவசரம்!!

விஸ்காம்_மிஸ்: நாளைக்குக் காலைல முதல் பீரியட். டிவி விவாதம் ஒண்ணு ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன், பசங்களோட உட்கார்ந்து அலசணும். நெட்ல ஏத்தின உடனே காப்பிரைட்னு முடக்கிட்டாங்க. துறைத்தலைவர் வேற "நோட்டீஸ் வந்தா யார் பதில் சொல்றது"ங்கிறார். கல்விக்கு விதிவிலக்கு இருக்குல்ல? சீக்கிரம் சொல்லுங்க.

தஞ்சை_ராசு: எங்க ஏத்துனீங்க? ஊரே பார்க்கிற மாதிரியா, லிங்க் இருக்கிறவங்க மட்டுமா? முழு நிகழ்ச்சியா, துண்டா?

கேபிள்காரன்: 30 செகண்டுக்குள்ள வெட்டிப் போடுங்க மேடம், எவனும் கேட்க முடியாது.

டல்லாஸ்_தமிழன்: பதிவை 45 நாள்ல அழிச்சிடணும். முதல் 10 பள்ளி நாளுக்குள்ள காட்டிடணும். இங்க அதான் விதி.

மூத்தவன்: இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதறது? தேடிப் பார்க்கிற பழக்கம் வாத்தியார்களுக்கே இல்லன்னா பசங்களைக் குறை சொல்லி என்ன பண்ண. டல்லாஸ்காரரே, அந்த 45 நாள் 1981ல வந்த அமெரிக்க வழிகாட்டி. அங்கேயே அது சட்டம் கிடையாது.

வக்கீல்_குமாஸ்தா: 30 செகண்ட் கணக்கும் எந்தச் சட்டத்துலயும் இல்ல. நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டம், 39வது பிரிவு: உண்மையான கற்பித்தலுக்காக மட்டும் ஒளிபரப்பைப் பதிவு பண்றது மீறல் ஆகாது. ஆய்வுக்கும் அப்படித்தான். நியாயமான அளவுல பகுதிகளை எடுத்துக் காட்டவும் அதுல இடம் இருக்கு. நடுவுல சினிமாத் துண்டு, பாட்டு வந்தா அதோட உரிமை தனி. அதுக்கு 52வது பிரிவு. அந்தக் கல்லூரி மாணவர்கள், ஊழியர்கள் மட்டும் பார்க்கிற திரையிடலுக்கு அதுல வழி இருக்கு. ஆனா பொதுவெளியில ஏத்துறது வேற கதை. முடக்கினது அநேகமா தானா சோதிக்கிற மெஷின்தான், அதுக்குப் பிரிவெல்லாம் தெரியாது. எங்க ஏத்துனீங்கன்னு ராசு கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க மேடம்.

கேபிள்காரன்: தூர்தர்ஷன்னா பிரச்சினையே இல்ல, நம்ம வரிப்பணம்.

வக்கீல்_குமாஸ்தா: வரிப்பணத்துல ஓடுற பஸ்ஸை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போவீங்களா? அவங்களுக்கும் ஒளிபரப்பு உரிமை 25 வருஷம் உண்டு.

கேபிள்காரன்: டில்லில ஜெராக்ஸ் கடை கேஸ்ல பதிப்பகங்களே தோத்துச்சே?

மூத்தவன்: அது 2016. பாடப் பொதிக்காக, அதாவது பாடத்துக்கு வேண்டிய பக்கங்களைத் தொகுத்த கட்டுக்காக, புத்தகப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்த விவகாரம். டிவிக்கும் அதுக்கும் முடிச்சுப் போடாதீங்க.

தஞ்சை_ராசு: ஏன் போடக்கூடாது? கற்பித்தலுக்குத் தேவையான அளவா இல்லையான்னுதானே அங்கேயும் பார்த்தாங்க.

மூத்தவன்: தீர்ப்பை முழுசாப் படிச்சிட்டு வாங்க, பேசலாம்.

தஞ்சை_ராசு: படிச்சிட்டுத்தான் சொல்றேன். நீங்க செய்தித்தாள்ல தலைப்பு மட்டும் பார்த்திருப்பீங்க.

டல்லாஸ்_தமிழன்: சட்டமோ இல்லையோ, எங்க பல்கலைக்கழக நூலகம் 45 நாள்தான் சொல்லுது.

விஸ்காம்_மிஸ்: ஏத்தினதை எடுத்துட்டேன். பென் டிரைவ்லேர்ந்து வகுப்புலேயே போட்டாச்சு, 39ஐக் காட்டினதும் துறைத்தலைவர் ஒத்துக்கிட்டார். வக்கீல் சாருக்கு நன்றி.

தஞ்சை_ராசு: முழுசாப் போட்டீங்களா, துண்டா?

வக்கீல்_குமாஸ்தா: மேடம்?