பெரோவுக்குப் பூஜ்யம், வாலஸுக்கு 46: உள்ளூர் உதாரணம் வேண்டும்

மதுரை செல்லூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன், அமெரிக்க அதிபர் தேர்தல் பாடத்தில் மாட்டிக்கொண்டேன். 1992ல் சுயேச்சை ராஸ் பெரோவுக்கு ஏறக்குறைய 19 சதவீத ஓட்டு, ஆனால் தேர்வாளர் ஓட்டு (பெரும்பாலும் ஒரு மாநிலத்தில் முதலில் வருபவருக்கே மொத்தமாகப் போவது, அதிபரைத் தீர்மானிப்பது) ஒன்றுகூட இல்லை; 1968ல் ஜார்ஜ் வாலஸ் 13.5 சதவீதத்திலேயே தெற்கே 5 மாநிலங்களில் ஜெயித்து மொத்தம் 46 வாங்கினார். ஓட்டு ஒரே பக்கம் குவிந்ததுதான் காரணம் என்று போர்டில் வரைபடம் போட்டு, தெற்கை மட்டும் சிவப்புச் சாக்பீஸால் தேய்த்தும் காட்டினேன், பின்பெஞ்சு அசையவில்லை. சரி, நம்மூர்க் கணக்கு என்று 2006 தேமுதிகவை எடுத்தேன்: தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல், ஜெயித்தது விருத்தாசலம் மட்டும். பெரோ புரிந்துவிட்டார். வாலஸுக்குப் பாமக என்றால், அவர்கள் அப்போது கூட்டணியில் நின்றார்கள், ஒத்துவராது. வியாழக்கிழமை அடுத்த வகுப்பு. கூட்டணியே இல்லாமல், குறைந்த ஓட்டை ஒரே வட்டாரத்தில் குவித்து சீட்டு ஜெயித்த தமிழ்நாட்டுக் கட்சி எது, எந்த வருடத் தேர்தலில்?