வயிற்று சிடிக்கு டிஆர்எல்: சராசரியா, மீடியனா?

கேள்வி:
வணக்கம். எங்களிடம் இரண்டு சிடி மெஷின் இருக்கு, ஒன்று 16 ஸ்லைஸ், இன்னொன்று 128. வயிற்று ஸ்கேனுக்கு லோக்கல் டிஆர்எல் (கதிர்வீச்சு அளவு வழக்கத்தைவிட அதிகமா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் குறிப்பு மதிப்பு) வைக்கச் சொல்கிறார்கள். மூன்று மாத டிஎல்பி (ஸ்கேன் நீளத்தையும் சேர்த்த மொத்தக் கதிர்வீச்சு அளவு) முழுவதையும் எக்செல்லில் ஏற்றிச் சராசரி எடுத்தால், புது மெஷினான 128-ல்தான் அதிகம் வருகிறது. சராசரியையே வைக்கலாமா, 75-ஆவது பெர்சன்டைல் (நூற்றுக்கு 75 எண்கள் இதற்குக் கீழே இருக்கும் மதிப்பு) எடுக்கணுமா? குழந்தைகளையும் இதிலேயே சேர்க்கலாமா?

மருத்துவ இயற்பியலர்:
சராசரி வேண்டாம். 100 கிலோ ஆட்கள் நாலு பேர் வந்தாலே அது ஏறிவிடும். மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுங்கள்.

75-ஆவது பெர்சன்டைலை நோயாளிகளின் கதிர்வீச்சு டோஸ் மேல் போடக்கூடாது. ஒவ்வொரு மெஷினின் மீடியனையும் வரிசைப்படுத்தி, அந்த வரிசையில்தான் எடுக்கணும். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் வெளியீடான ஐசிஆர்பி 135 (2017) சொல்வது இதுதான். இரண்டு மெஷினை வைத்து அப்படி ஒரு வரிசை கிடைக்காது. உங்களிடம் இருப்பவை இரண்டு 'டிபிக்கல் வேல்யூ', அதாவது மெஷினுக்கு ஒரு மீடியன். தேசிய அளவிலோ வட்டார அளவிலோ வெளிவந்த டிஆர்எல்லோடு அவற்றை ஒப்பிடுங்கள். பக்கத்து சென்டர்களும் சேர்ந்து 10–20 மெஷின் ஆனால் லோக்கல் டிஆர்எல் என்று தாராளமாகச் சொல்லலாம்.

128-ல் அதிகம் வருவதற்குக் காரணம், டிரைஃபேசிக் லிவரும் (மருந்து ஏற்றி மூன்று கட்டமாக எடுக்கும் கல்லீரல் ஸ்கேன்) யூரோகிராமும் (சிறுநீர்ப் பாதை ஸ்கேன்) அங்கே போவதாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் 'வயிறு' என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். கல்லுக்கான பிளெயின் கேயூபி (மருந்து ஏற்றாமல் சிறுநீரகம் முதல் சிறுநீர்ப்பை வரை) தனி, போர்ட்டல் ஃபேஸ் (மருந்து கல்லீரல் சிரைக்கு வரும் கட்டம்) மட்டும் எடுப்பது தனி, டிரைஃபேசிக் தனி. ஒவ்வொன்றுக்கும் மெஷினுக்குக் குறைந்தது 20 பேர், முடிந்தால் 30. எடையைக் கட்டாயம் குறியுங்கள். 70 கிலோதான் என்று பிடிவாதம் வேண்டாம்; உங்கள் நோயாளிகளுக்குப் பொருந்தும் எடை வரம்பு ஒன்றை இரண்டு மெஷினுக்கும் பொதுவாக வையுங்கள்.

ரேடியோகிராஃபர்:
டோஸ் பேஜை (ஒவ்வொரு ஸ்கேனின் டோஸையும் மெஷின் பட்டியலிடும் பக்கம்) வரி வரியாகப் பாருங்கள். போலஸ் டிராக்கிங் (ஏற்றிய மருந்து வந்துவிட்டதா என்று பார்ப்பது) ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதால் அந்த வரியில் சிடிடிஐவால் (நீளத்தைச் சேர்க்காத டோஸ் அளவு) பெரிதாகத் தெரியும், நீளம் இல்லாததால் டிஎல்பி கொஞ்சம்தான். சிடிடிஐவால் மீடியனில் அந்த வரியை விட்டுவிடுங்கள்; மொத்த டிஎல்பியில் இருக்கட்டும்.

குழந்தைகளைக் கலக்கவே கூடாது. உடல் ஸ்கேனுக்கு எடை வாரியாக (5 கிலோவுக்குக் கீழ், 5–15, 15–30, 30–50, 50–80), தலைக்கு வயது வாரியாகப் பிரிக்கணும். மெஷின் டோஸைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் ஃபேண்டம் (மாதிரி உருளை) 16 செ.மீ.யா, 32 செ.மீ.யா என்றும் எழுதுங்கள். ஒரே ஸ்கேனுக்கு 16 செ.மீ.யில் வரும் எண், 32 செ.மீ.யில் வருவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் மொத்த வேலையும் வீண்.

சென்டரிங்கையும் (ஆள் மெஷினின் நடு மையத்தில் இருக்கிறாரா என்பது) சோதியுங்கள். எக்ஸ்ரே ட்யூப் கீழே இருக்க ஸ்கவுட் (ஸ்கேனுக்கு முன் எடுக்கும் முன்னோட்டப் படம்) எடுக்கும்போது டேபிள் தாழ்ந்திருந்தால் ஆள் பெரிதாகத் தெரிவார், மெஷின் எம்ஏவை (ட்யூப் மின்னோட்டம்) தானாகக் கூட்டிவிடும். ஒரு கம்பெனி மெஷினின் செட்டிங்கை இன்னொன்றில் அப்படியே போடவும் முடியாது. ஜிஇ-யில் நாய்ஸ் இண்டெக்ஸை (படத்தில் எவ்வளவு புள்ளி இரைச்சல் இருக்கலாம் என்ற செட்டிங்) கூட்டினால் டோஸ் குறையும். சீமென்ஸில் ரெஃபரன்ஸ் எம்ஏஎஸ்ஸை (சராசரி ஆளுக்கான எக்ஸ்ரே அளவு செட்டிங்) கூட்டினால் டோஸ் கூடும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி சார். ஒரு நோயாளிக்கு டிஆர்எல் தாண்டிப்போனால் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதணுமா?

மருத்துவ இயற்பியலர்:
அதற்காக மட்டும் வேண்டாம். அது தனி ஆளுக்கான வரம்பே இல்லை. பெரிய உடம்புக்கு டோஸ் கூடத்தான் வேண்டும். குறைக்கப்போய்ப் படம் கெட்டு மறுபடி எடுத்தால் இன்னும் மோசம். உங்கள் மெஷினின் மீடியன் டிஆர்எல்லைத் தாண்டினால்தான் காரணம் தேடணும். சிடிடிஐவாலே அதிகம் என்றால் எம்ஏ செட்டிங், சென்டரிங். அது சரியாக இருந்து டிஎல்பி மட்டும் அதிகம் என்றால் ஸ்கேன் நீளம் அல்லது தேவையில்லாத ஃபேஸ். கேயூபியை நெஞ்சிலிருந்தே தொடங்கியிருப்பார்கள். மீடியன் ரொம்பக் கீழே போனாலும் விடாதீர்கள். சின்னக் கல் தெளிவாகத் தெரிகிறதா என்று ரேடியாலஜிஸ்ட்டிடம் கேட்ட பிறகே அந்த செட்டிங்கை நிலையாக்குங்கள்.