தங்கச்சிக்கு எஸ்எஸ்பி (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணல் பயிற்சி, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி என்சிசியின் 'சி' சான்றிதழ் வைத்திருக்கிறாள், அதனால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்எஸ்பிக்குப் போகும் என்சிசி ஸ்பெஷல் என்ட்ரி வழியில் விண்ணப்பித்திருக்கிறாள். கிடைத்தால் சென்னை பரங்கிமலை ஓடிஏவில் (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி) 49 வாரப் பயிற்சி.

ஓட்டம், புஷ்-அப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. பயமே எஸ்எஸ்பியின் முதல் நாள்தான். மங்கலான ஒரு படத்தை 30 வினாடி காட்டுவார்கள், 4 நிமிடத்தில் கதை எழுதி, பிறகு அதைக் குழுவில் ஆங்கிலத்தில் சொல்லி விவாதிக்க வேண்டும், அங்கேயே பாதிப் பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். இவள் நன்றாக எழுதுவாள், ஆனால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினால் அமைதியாகிவிடுவாள். ஒரு கோச்சிங் சென்டரில் கேட்டால் மனப்பாடம் செய்யச் சொல்லி ஒரு கட்டுக் கதைகளைக் கொடுக்கிறார்கள் (அதற்குக் கட்டணம் வேறு!). உளவியல் தேர்வில் 60 வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் 15 வினாடியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும், அங்கே மனப்பாடம் எப்படி உதவும் என்று எனக்குப் புரியவில்லை.

குழுவில் ஓடிஏ முடித்த அக்கா அண்ணன்மார், ஓய்வுபெற்ற அதிகாரிகள் யாராவது இருந்தால், குழு விவாதத்துக்கு வீட்டிலிருந்தே எப்படிப் பழகுவது என்று சொல்லுங்கள். ஞாயிறுகளில் ஆன்லைனில் சேர்ந்து பேசிப் பழக வேறு மாணவிகள் இருந்தாலும் நல்லது. அப்புறம், இவளுக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது, அதை இப்போதே கற்றுக்கொள்ள வேண்டுமா, அகாடமியிலேயே சொல்லித் தருவார்களா?